கடலைக் கற்ற மருத்துவர் கெலாட்

இறக்கக்கண்டிப் பாலத்தின்மீது நின்று நோக்குவோர்க்கு ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலும் ஒருங்கே தோன்றும். களப்போரத்தே கண்டல் மரங்கள் வேர்பரப்பி நிற்கும். கடற்புறத்தே கரைவலை இழுப்போரின் குரல் காற்றோடு கலந்து வரும். சற்றுத் தெற்கே நிலாவெளிக்கு எதிராகப் புறாத்தீவு நீரிடை எழுந்து நிற்கும். இவ்வழகிய கரையில் வாழ்வோருள் எத்தனை பேர் இக்கடலின் உள்ளே இருப்பதை அறிவோம்? மீனை அறிவோம், இறாலையும் நண்டையும் அறிவோம். விலைக்குப் போவதை அறிந்த அளவுக்கு விலைக்குப் போகாததை நாம் அறிய முயன்றதில்லை.

என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு வினாவோடு வந்தான். அவன் தந்தையார் கடற்றொழிலாளர். காட்டு விலங்குகளையும் கடல்வாழ் உயிர்களையும் காக்கும் பணியைத் தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள அவன் விரும்புகின்றான். அதனை ஒரு தொழிலென்றே தந்தையார் ஒப்பவில்லை. உயிர்களைப் பிடித்தால் வயிறு நிறையும், பார்த்துக் கொண்டிருந்தால் நிறையுமா என்பது அவர் கேள்வி. இலக்கணம் கற்பிக்கும் எனக்கு இதற்கு நேரான விடை கூறும் தகுதி இல்லை. ஆயினும் இத்திருகோணமலைக் கடலையே கற்று, அக்கல்வியோடு வாழ்ந்து மறைந்த ஒருவரின் வரலாற்றை அவனுக்குக் கூறினேன். அதனையே ஈண்டு வாசக அன்பர்களுக்கும் விரித்துரைக்கின்றேன்.

அவர் பெயர் எட்வேட் பிரெடரிக் கெலாட். இலங்கை விலங்கியலை ஆராய்வோர் எவரும் அவர் பெயரைத் தாண்டிச் செல்லுதல் இயலாது.

இளமையும் கல்வியும்

கெலாட் 1819ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் இலங்கையிலே பிறந்தார். ஒல்லாந்தர் காலத்தில் இங்குக் குடியேறி இந்நாட்டையே தாயகமாகக் கொண்ட பறங்கியர் மரபினர் அவர். ஆகவே அவரை வந்துபோன வெள்ளைத் துரைகளுள் ஒருவராகக் கருதுதல் தவறாகும். இந்நாட்டு வெயிலிலும் மழையிலும் வளர்ந்தவர் அவர்.

இளமையிலேயே இலங்கை மருத்துவப் பகுதியில் கீழ்நிலைப் பணியொன்றிற் சேர்ந்தார். அப்பணியோடு அமைந்துவிட அவர் மனம் இடந்தரவில்லை. 1838இல் கடல்கடந்து ஸ்கொத்லாந்து சென்று, எடின்பரோ நகரத்திலே மருத்துவம் பயின்று, 1841இல் பட்டம் பெற்றார். அந்நாளில் மருத்துவக் கல்வியும் இயற்கையாராய்ச்சியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை. மருந்து அறிய வேண்டுமாயின் செடி கொடிகளை அறிதல் வேண்டும். உடலை அறிய வேண்டுமாயின் விலங்குகளை அறுத்துப் பார்த்தல் வேண்டும். இயற்கையை ஆராய்வதற்கென ஊதியம் தரும் பதவிகள் அரியவாய் இருந்த காலம் அது. ஆகவே அவ்வார்வம் உடையார் பலர் மருத்துவத்தையே சோற்றுக்கு வழியாகக் கொண்டனர். கெலாட் இராணுவ மருத்துவராயினார்.

இராணுவத்தார் அவரைச் சில ஆண்டுகள் ஜிபிரால்தாருக்கு அனுப்பினர். ஸ்பானிய நாட்டின் தென்முனையில் உள்ள அப்பாறை ஒரு கோட்டை. பிற அதிகாரிகள் அங்கே பீரங்கிகளையும் கப்பல்களையும் கண்டனர். கெலாட் பாறை வெடிப்புகளிலே முளைத்த பூண்டுகளைக் கண்டார். அவ்விடத்துத் தாவரங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1846இல் வெளிவந்தது. அப்பாறையின் பழம்பெயர் கல்பே என்பதால் நூலுக்குக் கல்பேயின் தாவரங்கள் என்னும் பொருள்பட இலத்தீனிலே பெயரிட்டார். எவ்விடத்தே பணிக்கு அனுப்பப்படினும் அவ்விடத்தையே பாடநூலாகக் கொள்ளும் இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தமைக்கு இந்நூல் சான்றாகும்.

மலைநாட்டு ஆராய்ச்சி

1849 முதல் 1854 வரை அவர் மீண்டும் இலங்கையிலே பணிபுரிந்தார். நுவரெலியாவின் குளிர்ந்த காடுகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. அக்காலத்து நிலையை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. யானையைச் சுடுவது வீர விளையாட்டாகக் கருதப்பட்டது. தனியொருவராய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் புகழ்பெற்ற மேஜர் ரொஜர்ஸ் என்பார் 1845இல் இடிவிழுந்து மாண்டார். யானைக் கொலைக்கு அரசாங்கமே வெகுமதி வழங்கிய காலமும் உண்டு.

ஏனையோர் பெருவிலங்கைத் தேடித் துப்பாக்கியோடு அலைந்த அக்காட்டிலே கெலாட் மூஞ்சூறுகளைத் தேடினார். சருகினடியில் வாழும் நீண்ட நகமுடைய மூஞ்சூறு ஒன்றை 1850இல் அவர் முதன்முதலாக விரித்தெழுதினார். அது இன்றும் அவர் பெயரோடு சேர்த்து வழங்கப்பெறுகின்றது. மலைக்காட்டின் அடர்ந்த மயிருடைய மந்தியினத்தையும் அவர் வேறுபிரித்துக் காட்டினார். ஐயமுற்றவற்றைக் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் காட்சிச்சாலையைப் பேணிவந்த எட்வேட் பிளைத் என்னும் பேரறிஞருக்கு எழுதித் தெளிந்தார். கப்பலிலே கடிதம் சென்று மறுமொழி வர வாரங்கள் பல கழியும். அப்பொறுமை அக்காலத்து ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாத பண்பாய் இருந்தது.

இவ்வுழைப்பின் பயனாக 1852இல் இலங்கை விலங்கினங்களுக்கு ஒரு முன்னுரை என்னும் கருத்துடைய அவரது பெருநூல் கொழும்பிலே அச்சேறியது. இந்நாட்டின் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன ஆகியவற்றை ஒழுங்குபடுத்திக் கூற முயன்ற முதல் நூல்களுள் அது ஒன்றாகும். முடிந்த நூல் என்று அதனை அவர் கருதவில்லை என்பதை அதன் பெயரே புலப்படுத்துகின்றது. பின்வருவோர்க்குத் தோரண வாயில் கட்டினார். மாளிகையைப் பிறர் கட்டுவர் என விட்டார்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. அக்கால ஆராய்ச்சி கொன்று அறியும் ஆராய்ச்சி. தோலுரித்தும் சாராயத்தில் இட்டும் உயிர்களைச் சேர்த்தனர். கெலாட்டும் அவ்வாறே செய்தார். இன்றைய பொருளில் அவரை வனசீவராசிகளின் காவலர் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் எது எங்கே வாழ்கின்றது என்ற பட்டியல் இல்லாமல் எதனைக் காப்பது? களஞ்சியத்துள் இருப்பதை எண்ணி வைத்தவன் இருந்தாலன்றிக் களவுபோனதை அறிவார் யார்? அவ்வகையில் காப்புப் பணியின் முதற்படியை இட்டவருள் அவரும் ஒருவர்.

திருகோணமலைக் கடல்

1850களின் பிற்பகுதியில் கெலாட் திருகோணமலையிலே பணிபுரிந்தார். கோணேசர் கோயில் கொண்ட மலையும் கோட்டையும் இயற்கைத் துறைமுகமும் ஒருங்கே அமைந்த ஊர் இது. கடற்படைக்கு இத்துறைமுகம் பெரும் பாசறை. கெலாட்டுக்கோ அது பெருங் கல்விச்சாலையாயிற்று. மலைக்காட்டிலே மூஞ்சூற்றைத் தேடியவர் ஈண்டுப் பாறையிடுக்குகளிலே ஓடில்லாக் கடல் நத்தைகளைத் தேடினார்.

அவற்றைக் கண்டறியாதார்க்குச் சிறிது விளக்கம் வேண்டும். தோட்டத்து நத்தை ஓட்டைச் சுமந்து திரிவது. கடலிலே அதன் உறவினம் ஒன்று வளர்ந்தபின் ஓடின்றி வாழும். மூச்சு வாங்கும் உறுப்பு பல இனங்களில் முதுகின்மேலே பூங்கொத்துப்போல் விரிந்து நிற்கும். நீலம், செம்மை, மஞ்சள் எனப் பட்டுச் சேலையின் நிறங்கள் எல்லாம் அவ்வுடலிலே உண்டு. ஆனால் நீரிலிருந்து எடுத்துச் சாராயத்தில் இட்ட அளவிலே நிறம் கெட்டு, வடிவம் சுருங்கி, வெறும் சதைத்துண்டாய்விடும். ஆகவே அதனை உயிரோடு இருக்கும்போதே வரைந்துகொள்ளுதல் வேண்டும். கெலாட் அவ்வாறே வண்ணப்படங்களைச் சேர்த்தார். புதிய இனங்கள் பலவற்றை 1858, 1859ஆம் ஆண்டுகளில் உலகுக்கு அறிவித்தார். இன்று விலங்கியலார் மெலிபே விரிடிஸ் என்றும், ஜிம்னோடோரிஸ் சிலோனிக்கா என்றும் வழங்கும் இனங்கள் அவர் விரித்தெழுதியவை. பின்னதன் பெயரிலே இலங்கையின் பெயரே பொதிந்திருத்தல் காண்க.

இவை உண்ணத் தகுவன அல்ல; விற்கத் தகுவனவும் அல்ல. இருந்தும் ஒருவர் மருத்துவப் பணிக்கிடையே இவற்றின்பால் இத்துணை நாட்டங்கொண்டார் எனின், அதனை அறிவின்மேற் கொண்ட காதல் என்றன்றி வேறு என்னென்று கூறுவது?

முத்துச்சிப்பியின் மறைபொருள்

இனி, அவர் வாழ்வின் பெரும்பகுதியாய் அமைந்த பணிக்கு வருவோம். முத்து தமிழர்க்குப் புதிதன்று. கொற்கை முத்தைச் சங்கச் சான்றோர் பாடினர். சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது நம்மவர் கொண்ட கருத்து. மூங்கிலும் கரும்பும் யானைக்கொம்பும் முத்துப் பிறக்கும் இடங்கள் எனப் பழைய நூல்கள் அடுக்கிக் கூறும். கவிதைக்கு அது அணியாகும். ஆனால் மன்னார்க் கடலில் அரிப்புக்கு எதிரேயுள்ள முத்துப்பார்களிலே சிப்பி அற்றுப்போனபோது அக்கருத்தால் யாதொரு பயனும் விளையவில்லை.

ஆங்கில அரசாங்கம் முத்துச்சலாபத்தைத் தன் கருவூலத்துக்குரிய வயலாகவே கருதிற்று. சிப்பி கிடைத்த ஆண்டெல்லாம் குளிக்கவிட்டது. 1837க்குப் பின்னர் வயல் வறண்டது. 1855 வரை பதினெட்டு ஆண்டுகள் குளிப்பே நடைபெறவில்லை. தோணிக்காரரும் குளியாளரும் கயிறு பிடிப்போரும் கரையிலே கடைவிரித்த வணிகரும் அவ்வருவாயை இழந்தனர். சிப்பி எங்கே போயிற்று? ஏன் போயிற்று? மீண்டும் வருமா? விடை கூற வல்லார் எவரும் இலர். இவ்வுயிர் எவ்வாறு பிறக்கின்றது, எத்தனை ஆண்டு வாழ்கின்றது, எதனால் மாய்கின்றது என்பதை ஆராயாமலே அதன் செல்வத்தை நெடுங்காலம் வாரியெடுத்திருந்தனர்.

குளிப்பு மீண்டும் தொடங்கிய பின்னரே அரசாங்கம் விழித்துக்கொண்டது. சிப்பியின் இயற்கையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு கெலாட்டைப் பணித்தது. 1857இல் முதல் அறிக்கையைத் திருகோணமலையிலிருந்து அவர் எழுதினார். அடுத்த ஆண்டுகளிலும் அறிக்கைகள் தொடர்ந்தன. சிப்பிகளை உயிரோடு நீரிலே வைத்து வளர்த்தார். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார்.

அவர் கண்டவற்றுள் முதலாவது, சிப்பி பாறையைப் பற்றிக்கொள்ளும் நார்க்கற்றை பற்றியது. ஒருமுறை பற்றிய சிப்பி இறக்கும்வரை அங்கேயே கட்டுண்டு கிடக்கும் என்று எண்ணியிருந்தனர். சிப்பி தன் நாரைத் தானே கழற்றிவிட்டுப் புதிய நாரைச் சுரந்து வேறிடத்திலே பற்றவல்லது எனக் கெலாட் காட்டினார். இதிலிருந்து, சிப்பிகளை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்திலே குடியேற்றுதல் கூடும் என்னும் கருத்துப் பிறந்தது. நாற்றைப் பிடுங்கி நடும் உழவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இரண்டாவது, அதன் கருவளம். முதிர்ந்த சிப்பி ஒன்றினுள்ளே ஒரு கோடிக்கு மேற்பட்ட முட்டைகள் உண்டென அவர் கணித்தார். இத்துணை முட்டைகள் இருந்தும் பார்கள் வெறுமையாகுமெனின், அவற்றுள் பிழைத்து வளர்வன எத்துணைச் சில என்பது புலனாகின்றதன்றோ? ஆகவே முதிர்ந்து சினைவிடும் சிப்பிகளைப் பேணுதல் எத்துணை இன்றியமையாதது என்பதும் தானே விளங்கும்.

மூன்றாவது, முத்தின் பிறப்பு. சிப்பியின் உடலுள் நுண்புழுக்கள் குடியிருத்தலை அவர் கண்டார். சுவிற்சர்லாந்து நாட்டு விலங்கியலாளர் ஊம்பேர் என்பாரும் அதே காலத்தில் அரிப்பிலே இவற்றை ஆராய்ந்தார். முத்துத் தோன்றுதற்கும் இப்புழுக்களுக்கும் தொடர்புண்டு எனக் கெலாட் கருதினார். விண்ணிலிருந்து வீழ்ந்த துளி என்று பாடப்பட்டது, நோயுற்ற உயிரொன்று தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த முயற்சியாயிற்று. இது முத்தின் பெருமையைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துன்பத்தைப் பொதிந்து ஒளியாக்கும் உயிரைப் பாடுதற்குப் புலவர்க்குப் புதியதொரு பொருள் கிடைத்தது என்பேன்.

திருகோணமலைக்கு அணித்தாகிய தம்பலகாமக் குடாவையும் அவர் ஆராயாது விடவில்லை. அங்கே தட்டையாய், ஒளி ஊடுருவும் மெல்லிய ஓட்டோடு வாழும் வேறொரு சிப்பியினம் உண்டு. கண்ணாடிக்குப் பதிலாகப் பலகணிகளிற் பதிக்கத்தக்க ஓடு அது. அதனுள்ளே கிடைக்கும் முத்துக்கள் கடுகு போன்றவை, அணிகலனுக்கு ஆகாதவை. இந்தியாவிலே செல்வர் அவற்றைச் சுட்டு நீறாக்கி வெற்றிலையோடு உண்டனர். அதன் குளிப்பையும் அரசாங்கம் குத்தகைக்கு விட்டிருந்தது. அச்சிப்பியின் வாழ்க்கையையும் கெலாட் எழுதிவைத்தார்.

மறைவும் மறதியும்

பயிர் விளைந்துவரும் வேளையிலே உழவன் மறைந்தது போலாயிற்று அவர் முடிவு. இங்கிலாந்து நோக்கிச் செல்லும் வழியில், 1860ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் நாள், கப்பலிலேயே அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதே. கடலைக் கற்றவரின் வாழ்வு கடலின்மீதே முடிந்தது.

அவரோடு அவ்வாராய்ச்சியும் பெரும்பாலும் நின்றுபோயிற்று. 1860களின் நடுவிலே பார்கள் மீண்டும் வறண்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1902இல், பேராசிரியர் ஹேட்மனையும் அவருக்குத் துணையாக ஹோணெலையும் அரசாங்கம் வரவழைத்தது. அவர்கள் ஐந்து பெருந்தொகுதிகளாக அறிக்கை எழுதினர். மணல் வந்து மூடுதலும், திருக்கை முதலிய மீன்கள் உண்ணுதலும், நெருக்கமும், மிகையாகக் குளித்தலும் சிப்பிகளை அழிப்பன என்று கண்டனர். முத்தின் கருவாக அமைவது பெரும்பாலும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவமே என்றனர். சிப்பியின் மென்தோல் காயமுறும்போது அதன் உயிரணுக்கள் உள்ளே புகுந்து முத்துப்பையாகின்றன என்பது இன்றைய தெளிவு. புழு அக்காயத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாகலாம். கெலாட் கூறியது முழுவதும் நிலைபெறவில்லை. ஆயினும் வானத்தை நோக்கியிருந்த கண்களைச் சிப்பியின் உள்ளே திருப்பியவர்களுள் அவர் முற்பட்டவர்.

அறிவு கிடைத்தும் ஆசை அடங்கவில்லை. 1905இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் வாரப்பட்டன. மறு ஆண்டிலே பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனிக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர்ப் பார்கள் வெறுமையாயின, கம்பனியும் கலைந்தது. அறிக்கை எழுதுவோன் ஒருவன், அதனைப் படிக்க வேண்டியவன் வேறொருவன் என்னும் நிலை அன்றுமுதல் இன்றுவரை மாறவில்லை. இயற்கையைக் காக்கும் தொழிலை மேற்கொள்வோர் தாங்க வேண்டிய முதற் சுமை இதுவே.

ஆயின் உண்மையாய் எழுதிவைத்தது அழியாது என்பதற்கும் கெலாட்டின் வரலாறே சான்று. அவர் சேர்த்த கடல் நத்தைப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து ஹான்கொக் காட்சிச்சாலையைச் சேர்ந்தன. சேர் சாள்ஸ் எலியட் என்னும் அறிஞர் அவற்றை எடுத்து ஆராய்ந்து 1906இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிறத்தோடு வரைந்த அப்படங்களே, நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் மறைந்தவரின் சொல்லுக்குச் சாட்சியாயின. மலைநாட்டில் வாழும் தினைக்குருவி ஒன்றும் தேரை ஒன்றும் இன்றும் அவர் பெயரையே தாங்குகின்றன. அவற்றுக்குப் பெயரிட்டவர் அவரல்லர். அவரை மதித்த பிற அறிஞர். தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளாமை விலங்கியலார் மரபு.

மாணவனுக்குரிய விடை

கெலாட் காலத்தில் இல்லாத சட்டங்களும் பதவிகளும் பின்னர் ஒவ்வொன்றாய் வந்தன. 1937இல் விலங்கு தாவரங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1938இல் வில்பத்துவும் யாலவும் தேசிய பூங்காக்களாயின. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. எம் கண்ணெதிரே உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவாயிற்று. ஆகவே இயற்கையைக் காக்கும் பணியால் வாழ இயலுமா என்ற தந்தையாரின் வினாவுக்கு, இயலும் என்று இன்று துணிந்து கூறலாம். திணைக்களத்திலும் கடல்வள ஆராய்ச்சி நிறுவனத்திலும் பல்கலைக்கழகங்களிலும் அதற்கு இடமுண்டு. பெருஞ்செல்வம் சேரும் என்று மாத்திரம் யாரும் வாக்களிக்க இயலாது.

அதனோடு இன்னும் ஒன்றை அவனுக்குச் சொன்னேன். கெலாட் சிப்பியை நுணுக்குக்காட்டியிலே கண்டார். பாரின்மேல் இறங்கி மூச்சடக்கிச் சிப்பியை எடுத்தவர் குளியாளர். நூலிலே மருத்துவர் பெயர் நின்றது. குளியாளர் அறிந்தவை அவர்களோடே மறைந்தன. கடற்றொழிலாளியின் மகன் கடலாராய்ச்சி பயில்வானாயின் அவ்விரு கல்வியும் ஒருவனிடத்தே கூடும். தந்தையார் அறிந்த நீரோட்டமும் மீன்படும் காலமும் எந்நூலிலும் இல்லாதவை. அவற்றைக் கேட்டு எழுதுவதே அவன் தொடங்கத்தக்க முதற்பாடம். தந்தையாரின் தடையும் அதனால் நெகிழக்கூடும். தம்மை ஆசானாகக் கொள்ளும் மகனை எந்தத் தந்தை முற்றிலும் மறுப்பார்?

அடுத்த வாரம் அம்மாணவன் ஒரு பயிற்சிக் கொப்பியோடு வந்தான். இறக்கக்கண்டிக் கரையிலே, நீர் வற்றிய வேளையில் பாறையிடுக்கிலே கண்ட ஓடில்லா நத்தையொன்றை வண்ணத்தோடு வரைந்திருந்தான். கண்ட நாளும் இடமும் நீரின் நிலையும் கீழே குறித்திருந்தான். தந்தையார்தாம் பாறையைக் காட்டினார் என்றும் கூறினான். அதன் தமிழ்ப்பெயர் யாது என என்னைக் கேட்டான். நான் அறிந்த நிகண்டுகள் எதிலும் அதற்குப் பெயர் இல்லை. பெயர் வைக்கும் கடமை இனி அவன் தலைமுறைக்குரியது.